நாலாம் நம்பர் வாக்கியம்

மார்ச் 3, செவ்வாய்

எதற்கெடுத்தாலும் சட்டம் பேசும் என் அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

மாமா நலம். கடையும் நலம். நீ என் நம்பரைத் தடைசெய்து மூன்று மாதம் ஆகிறது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே நாளில் நாற்பது ரோஜாப்பூப் படம் வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அது நான் அனுப்பியதல்ல, என் ஆப் அனுப்பியது. படமும் போகிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. சொந்த அக்கா பெண்ணாயிற்றே, பொறுத்துக்கொள்வாள் என்று உன்னைப் போட்டேன்.

ஆமாம், உன் மாமா இப்போது ஆப் வைத்திருக்கும் ஆள். பேர் ‘தூதுக்கிளி’. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், ஜெராக்ஸ் போட்டும் செல்ஃபோனுக்கு உறை மாட்டியும் பிழைத்தவன், இன்றைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய அன்பைக் கையில் வைத்திருக்கிறேன். பிறந்தநாள், கல்யாணநாள், துக்கம், காலை வணக்கம் எல்லாம் அவரவர் பேரில் தானாகவே போய்விடும். யோசனை முழுக்க என்னுடையது. மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் டீச்சரம்மா அதைச் சும்மா டைப் அடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். போன மாதம் செத்துப்போன ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போய்விட்டது. அவர் சம்சாரம் கடைக்கே வந்துவிட்டது. அடிக்கப்போகிறது என்று கல்லாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அது என்ன சொல்லிற்று தெரியுமா? “வேற ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லைங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது. வேறு எந்த மெஷின் இதைச் செய்யும்?

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கிற மெசேஜ் கம்பெனி புதுச் சட்டம் போட்டிருக்கிறதாம். தானாகச் செய்தி போடுகிற வெளி ஆட்களின் ஆப் எல்லாம் விண்ணப்பம் போட்டுப் பாஸ் வாங்கவேண்டுமாம். டீச்சரம்மா பதினோரு விதிகளைப் படித்துக் காட்டினார். விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அந்தப் பாஸ் போடுகிற பிரிவில்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன். “எம் மருமக கையெழுத்து போட்டா மந்திரி கையெழுத்து மாதிரி”ன்னு சொல்லிவைத்திருக்கிறேன். மாமாவின் மானத்தைக் காப்பாற்று.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
மாமா


மார்ச் 9, திங்கள்

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபோனில் பேசாமல் காகிதத்தில் பதில் எழுதக் காரணம் உண்டு. பேசினால் நான் ஒன்று சொல்ல, நீங்கள் கடையில் பத்தாகச் சொல்வீர்கள். எழுதினால் என்னிடம் நகல் இருக்கும்.

உங்கள் விண்ணப்பம் இன்னும் என் மேஜைக்கு வரவில்லை. இங்கே பதினான்கு பேர் இருக்கிறோம், யாருக்கு எது வரும் என்று கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். எனக்கு வந்தால், திறப்பதற்கு முன்பே “இவர் என் உறவினர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கையெழுத்தெல்லாம் கிடையாது.

விதிகளை நானே சொல்லிவிடுகிறேன். யாருடைய பேரில் செய்தி போகிறதோ அவர் வாயால் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அவருடைய ஃபோனை வாங்கி ‘சரி’ அமுக்கினால் அது சம்மதம் இல்லை. மெஷின் அனுப்பிய செய்தியில் மெஷின் அனுப்பியது என்று இருக்கவேண்டும். பெறுகிறவர் நிறுத்தச் சொன்னால் நிற்கவேண்டும். முக்கியமாக, பதிலாக வரும் செய்தியை மனுஷர் பார்க்காமலே ‘படித்தாயிற்று’ என்று மெஷின் குறி போடக்கூடாது. உங்கள் கிளி இதில் எதையாவது மீறியிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

இந்த விதிகளைக் கொடுமை என்று நினைக்கவேண்டாம். ஒரு செய்தி ஒருத்தருக்கு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் நானும் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நடந்த விசாரணையில் அம்மாவுக்கு எதிராக நான் எழுதிக் கொடுத்தது தப்பா சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். லேட்டாக வந்த தோழிக்காக வருகைப் பதிவில் அம்மா பொய்யாகக் குறித்தாள், ஆஸ்பத்திரி ஆபீசில் கிளார்க்காக இருந்த என்னைக் கேட்டார்கள், நான் உண்மையை எழுதினேன். சலவைக்கூடத்து மேற்பார்வை போய்த் துணி மடிக்கிற மேஜைக்கு அம்மாவை இறக்கினார்கள். “பெத்த பொண்ணே எழுதிக் குடுத்துட்டா”ன்னு சொன்னவள், நான் ஊரைவிட்டு வந்த அன்று கதவைக்கூடத் திறக்கவில்லை. அப்படிப்பட்டவள் இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் எனக்கு எழுதுகிறாள். நான் கேட்டதற்கு நேராகப் பதில் வராது, அம்மா எப்போதுமே அப்படித்தானே. ஆனால் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊரில் இருக்கிறேன்.

தயவுசெய்து விண்ணப்பம் பற்றி இனி எழுதாதீர்கள்.

மருமகள்


மார்ச் 13, வெள்ளி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை, போடாமல் இரண்டு தடவை. இரண்டிலும் ஒன்றுதான் எழுதியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். எனக்கெதற்கு ஆப்? பேரும் புகழும் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று மாடி ஏறினேன். டீச்சரம்மா, “போட்டது போட்டதுதான் சார். பரிசீலனை முடியற வரைக்கும் திரும்ப எடுக்க முடியாது”ன்னு கையை விரித்துவிட்டார். சரி, பழைய பட்டியலையாவது அழித்துவிடலாம் என்றால், “விண்ணப்பத்தோட போன பதிவை அழிச்சா அதுவே ஒரு குத்தம். ஏழாவது விதி”ங்கிறார். கிளியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம் என்றால், நிறுத்துகிற பட்டனே வைக்கவில்லையாம். ஏன் வைக்கவில்லை என்று சத்தம் போட்டேன். “நீங்கதான சார் வேண்டாம்னீங்க? ‘அன்பு எதுக்கும்மா நிக்கணும்?’னு கேட்டீங்களே!” என்றார். சொன்னேன்தான். அன்றைக்கு அது நல்ல வசனமாகத் தோன்றியது.

பதினான்கு பேர் என்று சொன்னாயே, யாராவது ஒருத்தர் காகிதக் கட்டுக்கு அடியில் போட்டுவிட மாட்டார்களா? எங்கள் காலத்தில் ஆபீசுகளில் காகிதம் காணாமல் போவது மிக இயல்பான விஷயம்.

இன்னொன்று. அக்காவிடம் நீ ஞாயிற்றுக்கிழமைச் செய்தி பற்றி நேராக ஒன்றும் கேட்டுவிடாதே. ஃபோனும் செய்யாதே. காது மந்தம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா, இப்போது இன்னும் மோசம். பக்கத்தில் பாத்திரம் விழுந்தால்கூடத் திரும்புவதில்லை.

உன் கைக்கு விண்ணப்பம் வந்தால், தெய்வமே, திறக்காமல் தள்ளிவிடு.

மாமா


மார்ச் 18, புதன்

மாமா,

விண்ணப்பம் நேற்றுக் காலை என் மேஜைக்கு வந்தது. ‘தூதுக்கிளி’ என்ற பேரைப் பார்த்ததுமே எழுந்துபோய் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். போகவில்லை. திறக்காதே என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் போயிருப்பேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியைத் தெரிந்தே மீறித் திறந்தேன்.

உங்கள் டீச்சரம்மா ஒழுங்கானவர். எல்லாக் கணக்குக்கும் தெருவாரியாகத் தனித்தனித் தாள் வைத்திருக்கிறார். 208ஆம் கணக்கு. அனுப்புகிறவர்: அக்கா. பெறுகிறவர்: மருமகள். ஞாயிறுதோறும் காலை ஏழு மணி. வாக்கியங்கள் ஏழு, சுழற்சி முறையில்.

1. சாப்பிட்டியா?
2. நேரத்துக்குத் தூங்கு.
3. வேலை வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்காதே.
4. பழசை எல்லாம் நெனைக்காதே. நானும் நெனைக்கிறதில்லை.
5. அங்கே குளிர் அதிகமா?
6. உங்க மாமா மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கமாட்டான்.
7. நல்லா இரு.

ஆறாம் வாக்கியத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அம்மா இந்த ஜென்மத்தில் அப்படிச் சொல்லமாட்டாள். இதே ஏழும் திரும்பத் திரும்ப வந்தபோதுகூட, அம்மா பேச்சே அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் நாலு. போன வருடம் ஒரு சனிக்கிழமை, “அம்மா, நான் செஞ்சது தப்பா? ஒரே ஒரு தடவை சொல்லிடு, அப்புறம் கேக்கவே மாட்டேன்”ன்னு எழுதினேன். மறுநாள் காலையில் வந்தது நாலாம் நம்பர். பழசை எல்லாம் நெனைக்காதே. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க அழுதேன். அடுத்த நாள் முடி நுனியைத் திருத்திக்கொண்டேன், ஜன்னலுக்குத் திரை வாங்கினேன், பக்கத்து மேஜைக்காரர்களோடு சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து ஒரு வருடம் வாழ்ந்துவிட்டேன் மாமா. அது சுழற்சி முறையில் வந்தது.

எனக்கு ஒரே ஒரு வரியில் பதில் வேண்டும். அம்மாவுக்கு இது தெரியுமா, தெரியாதா? கதை வேண்டாம்.

முடிவு சொல்ல எனக்குப் பத்து வேலைநாள் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தால் அந்தப் பட்டியலில் உள்ள அறுநூற்றுப் பன்னிரண்டு கணக்கும் முடக்கப்படும், அம்மாவுடையதும். எழுதிக் கொடுக்காவிட்டால் இன்னும் எத்தனையோ ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெஷின் எனக்கு ‘சாப்பிட்டியா’ என்று கேட்கும்.


மார்ச் 22, ஞாயிறு

மருமகளே,

தெரியாது.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி எழுதுவது நீ கேட்காதது. படிக்காமல் கிழித்தாலும் சரி.

அக்காவின் ஃபோனை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், கணக்கும் நான்தான் திறந்தேன். “அக்கா, மெசேஜ் வர்ற இந்தப் பச்சைப் பொட்டைத் தொட்டுடாதே, தொட்டா ஃபோன் வெடிச்சிடும்”ன்னு சொன்னேன். அது இன்றுவரை தொடவில்லை. பேச மட்டும்தான் வைத்திருக்கிறது. நீ எழுதிய பதிலெல்லாம் குவிந்து ஃபோன் திணறும் என்று, வந்ததும் படித்ததாகக் குறி போட ஏற்பாடு செய்தேன். உன் எழுத்தை நான் படித்ததில்லை. அதைச் செய்கிற அளவுக்குக் கெட்டவன் இல்லை, அல்லது அதைச் செய்கிற அளவுக்கு நல்லவனும் இல்லை. எது என்று எனக்கே தெரியவில்லை.

காது மந்தம் பொய். அக்காவுக்கு நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டில் கொசுவர்த்தி பற்றவைத்தால்கூடக் கேட்கும்.

ஆரம்பித்தது எப்படி என்றால், நீ போன பதினைந்தாம் நாள் எனக்கு ஃபோன் செய்தாய். “மாமா, அம்மா என்னைப் பத்திக் கேட்டாளா?” என்றாய். உண்மையில் கேட்கவில்லை. உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடும். ஆனால் உன் குரலைக் கேட்டதும் என் வாய் இருக்கிறதே, அதற்கு எலும்பே இல்லை. “தினமும் கேக்குறாம்மா! நீ சாப்பிட்டியோ இல்லையோன்னு அவ சாப்பிடாம உக்காந்திருக்கா!” என்று அடித்துவிட்டேன். “அப்ப ஏன் எனக்கு எழுதலை?”ன்னு கேட்டாய். எழுதுவாள், ஞாயிற்றுக்கிழமை பார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. முதல் இரண்டு மாதம் நானே கையால் அனுப்பினேன். ஒரு ஞாயிறு மறந்துவிட்டேன். நீ பயந்துபோய் நாலு தடவை ஃபோன் செய்தாய். மறக்காத ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. ஆப் பிறந்தது உனக்காக மருமகளே. மற்ற அறுநூற்றுப் பதினொரு பேரும் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

சொல்கிறேன், கேள். பாஸ் போட்டுவிடு. டீச்சரம்மாவிடம் சொல்லி மற்றதையெல்லாம் திருத்திவிடுகிறேன். 208ஐ மட்டும் அப்படியே விடு. நீ நிம்மதியாக இருந்தாய், அக்கா அதுபாட்டுக்கு இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம்? நாலாம் நம்பரை எழுதும்போது நான் யோசித்துத்தான் எழுதினேன். அக்கா மனதில் அது இருக்கும், வாயில்தான் வராது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணமுடியாது.

இன்று காலை ஏழு மணிக்கு உனக்கு எந்த நம்பர் வந்தது?

மாமா


மார்ச் 26, வியாழன்

மாமாவுக்கு,

ஏழாம் நம்பர் வந்தது. நல்லா இரு.

நஷ்டம் எனக்குத்தான். மன்னிக்கப்பட்டவள் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன். அம்மா மடிக்கிற மேஜையில் இன்னும் அதே கோபத்தோடு நிற்கிறாள், நான் இங்கே திரை மாட்டிக்கொண்டிருந்தேன். நஷ்டம் அவளுக்கும்தான். பெற்ற பெண் இரண்டு வருடமாகக் கதவைத் தட்டியிருக்கிறாள், உள்ளே இருப்பவளுக்குத் தட்டுகிற சத்தமே கேட்காமல் பஞ்சு வைத்து அடைத்துவிட்டீர்கள்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. எவ்வளவு என்று இன்னும் அளக்கவில்லை.

இன்று மதியம் தலைமை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உறவினர் என்பது, தெரிந்தே திறந்தது, 208, எல்லாம். மறுபடியும் அம்மாவின் பேரை ஒரு விசாரணைத் தாளில் நான்தான் எழுதுகிறேன். அதிகாரி படித்துவிட்டு, “உங்க அம்மா கணக்கையும் சேத்தே எழுதியிருக்கீங்களே, விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே”ன்னார்.

என்னைப் பரிசீலனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜன்னல் இல்லாத பின்னறையில் பழைய கோப்புகளுக்கு எண் போடுகிறேன். விசாரணை முடிய இரண்டு மாதமோ நாலு மாதமோ. அதுவரை அந்தப் பட்டியலில் உள்ள யாரோடும், விண்ணப்பம் போட்டவரோடும், எந்த வழியிலும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாளைக் காலை கையெழுத்து போடவேண்டும். மீறினால் வேலை போகும். ஆகவே இதுதான் கடைசிக் கடிதம். அம்மாவுக்கு ஃபோன் செய்யலாம் என்று எண்களை இரண்டு தடவை அமுக்கினேன். இரண்டு தடவையும் கடைசி எண்ணுக்கு முன்னால் விட்டுவிட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? அவள் எனக்கு எழுதவே இல்லையே.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளையே கிடைக்கும். சனிக்கிழமை கணக்குகள் முடங்கும். அதற்குள் நான் எழுதியதையெல்லாம் அச்சடித்து எடுத்துக்கொண்டு அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல். உங்களால் முடியுமா என்று தெரியவில்லை.


ஏப்ரல் 1, புதன்

மருமகளே,

நீ பதில் போடக்கூடாது, தெரியும். நான் எழுதக்கூடாது என்று என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

கடை வாசலில் கூட்டம். கணக்கு முடங்கியவர்கள் திட்டுகிற திட்டுக்கு அகராதி போதாது. முதல் கடிதத்தில் சொன்னேனே, செத்துப்போனவருடைய சம்சாரம், அது மட்டும் திட்டவில்லை. அது கடையில் ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டுப் போனது. அது திட்டியிருந்தால் தேவலை.

நூற்றுப் பதினெட்டுப் பக்கம் அச்சடித்தேன். திங்கட்கிழமை சலவைக்கூடத்துக்குப் போனேன். உள்ளே ஆவி, சத்தம், நனைந்த துணி வாடை. ஆயிரம் படுக்கை விரிப்பு மலைபோல் கிடந்தது என்று எழுத வருகிறது. உண்மையில் ஒரு வண்டி நிறைய, எண்பதோ தொண்ணூறோ இருக்கும். அக்கா நிமிர்ந்து பார்த்து, “வந்தவன் சும்மா நிக்காதே, அந்த முனையைப் பிடி”ன்னு ஒரு விரிப்பை நீட்டியது. மடித்துக்கொண்டே சொன்னேன். முழுசும் சொன்னேன். விரிப்பு கையில் இருந்ததால் கையை ஆட்டிப் பேச முடியவில்லை, அதனால்தானோ என்னவோ உள்ளது மட்டும் வந்தது.

அக்கா திட்டவில்லை. “எம் பேர்ல என்னடா சொன்னே?” என்றது. ஏழையும் சொன்னேன். ஆறாவதுக்கு மட்டும், “த்தூ” என்றது. நாலாவதுக்கு ஒரு விரிப்பை முழுசும் மடித்து அடுக்கியது. பிறகு, “நான் அப்படிச் சொல்லலை. அவ செஞ்சது சரின்னு இன்னைக்கும் சொல்லமாட்டேன். நெனைக்கிறதில்லைன்னு சொன்னே பாரு, அது சுத்தப் பொய். நெனைக்காத நாளில்லை”ன்னது. உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

“படி”ன்னது. படித்தேன். இரண்டு விரிப்புக்கு நடுவில் ஒரு பக்கம். நடுவில் ஒரு இடத்தில் வாய் பழக்கத்தில் ஏதோ சேர்த்துவிட்டேன். “அது அவ எழுதலை, நீ சேத்தது. எழுதினதைப் படி”ன்னது. எப்படித் தெரிந்ததோ. ஷிஃப்ட் முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். எழுபத்தாறாம் பக்கத்தில் போன மழைக்காலம் வந்தது. படியில் வழுக்கி விழுந்து கை உடைந்ததென்றும், ஒரு கையால் தலை பின்ன வரவில்லை, கடையில் போய் முடியை வெட்டிவிடலாமா என்று நினைக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த நாள் நான் அனுப்பியது ஐந்தாம் நம்பர். அங்கே குளிர் அதிகமா.

அக்கா கையிலிருந்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டது. தரையில் விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

“எந்தக் கைடா?”

எனக்குத் தெரியவில்லை. முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் புரட்டினேன். நீ எழுதவில்லை. வேறு நாளாயிருந்தால் வலது என்றோ இடது என்றோ அடித்துவிட்டு, டாக்டர் பேரையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். “தெரியலைக்கா” என்றேன்.

“கேட்டு எழுது”ன்னது. நீ பதில் எழுதக்கூடாது என்பதையும், எழுதினால் வேலை போகும் என்பதையும் சொன்னேன். “ஓ”ன்னது. விரிப்பை எடுத்து உதறி மறுபடியும் மடித்தது. நேற்று மறுபடி போனேன். முதல் கேள்வியே, “வந்துச்சா?”ன்னுதான். இன்றைக்கும் போகவேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை மருமகளே. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு வாசலுக்கு நான் போவது இதுதான் முதல்முறை.

மாமா


ஏப்ரல் 6, திங்கள்

மாமா,

இடது கை. மணிக்கட்டுக்கு மேலே. சேர்ந்துவிட்டது. வாளி தூக்கினால் மட்டும் வலிக்கும்.

இதை அப்படியே அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, போட்டேன் என்று நாளைக் காலை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.